இரண்டு முறை கொதித்த தண்ணீர்

பிப்ரவரி 12

கோயம்புத்தூரிலிருந்து இன்று மதியம் வீடு வந்து சேர்ந்தோம். மலை ஏறும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். குன்னூர் நெருங்கியதும் தானாக விழித்துக்கொண்டார். எங்கோ டீ ஃபேக்டரியில் இலை வறுபடும் வாசனை வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. எனக்கு அந்த மூக்கு கிடையாது, நான் காபிக்காரி.

டிசம்பரில் வந்த பக்கவாதம் இவருடைய வலது கையையும் பேச்சையும் விழுங்குகிற சக்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு மாதம் மூக்கு வழியாகக் குழாய். இப்போது வயிற்றில் சின்னத் துளை போட்டு, நேராக இரைப்பைக்குள் ஒரு குழாயைச் செருகியிருக்கிறார்கள். வெளியே ஒரு சாண் நீளம் தொங்குகிறது. உள்ளே பட்டன் மாதிரி ஒரு வட்டம் இருந்து, வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். இனிமேல் சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் இதன் வழியாகத்தான்.

வீட்டுக்கு வந்து கவனிக்கிற நர்ஸ் ஹெப்சிபா, "எத்தனை மணிக்கு எவ்வளவு ஊத்துனீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க டீச்சரம்மா" என்றாள். முப்பத்திரண்டு வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தி, ரெக்கார்டு நோட்டெல்லாம் சிவப்பு மையால் திருத்தியவளிடம் நோட்டு எழுதச் சொல்கிறாள். சரி என்று மகள் யமுனா பெங்களூரிலிருந்து அனுப்பிய டயரியை எடுத்தேன். எனக்குத்தான் எதை எழுத ஆரம்பித்தாலும் அளவோடு நிறுத்தத் தெரியாதே.

மருத்துவமனை கொடுத்த தாளில் ஒன்பது குறிப்புகள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். எட்டு நியாயமானவை. ஒன்பதாவது, தினம் இரண்டு வேளை வாயைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டுமாம். ஒரு பருக்கைகூடப் போகாத வாய்க்கு எதற்கு? அந்த நேரத்தில் சிரிஞ்சை இன்னொரு தடவை வெந்நீரில் போடலாம்.

பிப்ரவரி 15

6 மணி: ராகிக் கஞ்சி 200 மி.லி. 9 மணி: பால் 200. 12 மணி: பருப்புத் தண்ணீரும் சாதமும் அரைத்து வடிகட்டியது 220. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் 50. தண்ணீரை ஒரு முறை கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி கொதிக்க வைத்துத்தான் ஊற்றுகிறேன். கஞ்சி வடிகட்ட இரண்டு மடிப்பு மல் துணி. ஹெப்சிபா அடுக்களையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.கூட இவ்வளவு சுத்தமா இருக்காது" என்றாள். உண்மைதான்.

பிப்ரவரி 27

இன்று ஒரு வேடிக்கை. மதியச் சாப்பாடு ஊற்றி அரை மணி கழித்து இவருக்கு ஒரு ஏப்பம் வந்தது. முகத்தைச் சுளித்தார். இடது கையால் சிலேட்டை வாங்கி, கோழி கிறுக்கியது போல எழுதினார்: "உப்பு கம்மி."

வாய் வழியாகப் போகாவிட்டாலும், ஏப்பத்தில் ருசி மேலே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு குறை சொல்கிறார். குழாய் போட்டாலும் டீ டேஸ்டர் டீ டேஸ்டர்தான்.

டேஸ்டர் என்றால் தெரியாதவர்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் விளக்கி விளக்கி அலுத்துப் போனேன். ஏல நிறுவனத்தில் வரிசையாக முந்நூறு கோப்பை டீ வைத்திருப்பார்கள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. கரண்டியில் எடுத்து 'சர்ர்ர்' என்று சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்திலுள்ள பாத்திரத்தில் துப்ப வேண்டும். துப்பிவிட்டு ஒரே வார்த்தையில் அந்த டீயின் தலையெழுத்தைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் இதுதான் இவருடைய வேலை. மலையில் பாதி ஃபேக்டரிக்காரர்கள் இவருடைய முகத்தைப் பார்த்தே பயப்படுவார்கள்.

மார்ச் 9

சிலேட்டில் இன்று: "டீ."

முடியாது என்றேன்.

"உறிஞ்சி துப்பறேன்."

"விழுங்க முடியாதவர் எப்படிங்க உறிஞ்சுவீங்க? நேரா நுரையீரலுக்குப் போயிரும். பேசாம படுங்க."

பேசாமல்தான் படுத்திருக்கிறார் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மார்ச் 10

இவர் ஹெப்சிபாவிடம் சிலேட்டைக் காட்டி முறையிட்டிருக்கிறார். அவள் பையிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தாள். குச்சி நுனியில் பஞ்சு மாதிரி ஸ்பாஞ்ச். "இதுல டீயை நனைச்சு, நல்லா பிழிஞ்சுட்டு நாக்குல மட்டும் தடவுங்க. ஒரு சொட்டுகூட உள்ள இறங்காது. டாக்டர் சார்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. அப்படியே வாயையும் இதால துடைச்சு விடுங்க டீச்சரம்மா."

"இனிப்புப் பட்டா பூஞ்சை பிடிக்கும்மா."

இவர் உடனே எழுதினார்: "சர்க்கரை வேண்டாம்."

"டீயில டானின் இருக்கு. குழாய் கறை பிடிச்சு அடைச்சுக்கும்."

ஹெப்சிபா ஏதோ சொல்ல வந்தாள். டீ குழாய்க்குள் போகப் போவதில்லை, நாக்கில்தான் என்று சொல்லியிருப்பாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பாக்கெட்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

மார்ச் 11

கஞ்சி 200. பால் 200. சாதம் 220.

எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதிவிடலாம். கல்யாணத்துக்கு மறுநாள் காலை இவருக்கு நான் டீ போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் காபி. இவருக்காகவே அத்தை மகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு போட்ட டீ. பட்டுப் புடவையும் தலையில் வாடாத பூவுமாக நிற்கிறேன். இவர் வாங்கி, 'சர்ர்ர்' என்று உறிஞ்சி, எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினார். திரும்பி என்னைப் பார்த்து, "கொஞ்சம் ஃபிளாட்" என்றார். உயிரில்லை என்று அர்த்தம்.

பழக்கதோஷம் என்று பிறகு நூறு முறை சொன்னார். சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் இந்த வீட்டில் முப்பத்தொன்பது வருடமாக இவருடைய டீயை இவரேதான் போட்டுக்கொண்டார். யாராவது கேட்டால், அவருக்கு வேறு யார் போட்டாலும் பிடிக்காது என்று சொல்லிவிடுவேன்.

இதற்கும் நேற்று சொன்னதற்கும் சம்பந்தமில்லை. நேற்று சொன்னது சுகாதாரம்.

ஏப்ரல் 21

வழக்கம்போல. நாக்கு மாவு பூசினது போல வெளுத்திருக்கிறது. வேலையில்லாத நாக்கு அப்படித்தான் இருக்கும். மாத்திரைகளைப் பொடித்துக் கொடுத்தேன், இரைப்பையில் அமிலம் குறைவதற்கான காலை மாத்திரை உட்பட. யமுனா போனில் பேசினாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றதற்கு, தங்கமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மே 16

இவர் இன்று பிடிவாதம் பிடித்தார். சிலேட்டில் "நாக்கு" என்று எழுதி, இடது கை விரலால் வாயைத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தார்.

"நாக்கு கேட்கும்தான். நானும்தான் எவ்வளவோ கேட்கிறேன், எல்லாம் நடக்குதா?" என்றேன்.

மறுபடி "நாக்கு." மறுபடி விரல். சிலேட்டை வாங்கித் துடைத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், எதுவும் எழுதவில்லை.

ஜூன் 8

குழாயில் கஞ்சி மெதுவாக இறங்குகிறது. இருபது நிமிடத்தில் முடிவது முக்கால் மணி ஆகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குழாயின் உள்பக்கம் அங்கங்கே கறுப்புப் புள்ளி. வெந்நீர் விட்டுத் தள்ளினேன். துணியை மூன்று மடிப்பாக்கிவிட்டேன்.

ஜூன் 30

மழை விடவில்லை. துணி காயவில்லை. துளையைச் சுற்றி ஈரம் கசிகிறது. ஹெப்சிபா வந்து பார்த்து, குழாய் உள்ளே கெட்டுப்போயிருக்கும், மாற்ற வேண்டியிருக்கும் என்றாள். கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டாள்.

"எப்படிம்மா கெடும்? நான் எப்படிப் பார்த்துக்கறேன்னு நீயே பார்க்கிறே."

"அதான் டீச்சரம்மா எனக்கும் புரியல."

ஜூலை 19

இவர் சிலேட்டில் எழுதியே பல நாளாகிறது. முன்பாவது உப்பு, புளிப்பு என்று ஏதாவது வரும். இன்று ஏப்பம் வந்தபோது நானே கேட்டேன், "எப்படிங்க இருக்கு?" என்று. கையை மட்டும் அசைத்தார். நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7

கோயம்புத்தூர். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது போட்டார்கள். அரை மணி வேலை. எடுத்த குழாயை டாக்டர் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். உள்ளே இருந்த வட்டம் பட்டன் மாதிரி இல்லை, ஊறவைத்த முந்திரி மாதிரி வீங்கி, நசுங்கி, மேலே சாம்பலும் பழுப்புமாக ஒரு ஏடு. தொட்டால் வழுக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. என் வீட்டு அடுக்களையைத் திறந்து காட்டியது மாதிரி.

இது என்ன, ஏன் என்று நான் கேட்ட கேள்விகள் தாங்காமல், "நாளைக்கு எங்க நுண்ணுயிரியல் டாக்டரைப் பாருங்கம்மா, அவங்க விளக்குவாங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 8

டாக்டர் நஸ்ரீன் சின்னப் பெண். யமுனாவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். நான் தாவரவியல் டீச்சர் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, நுண்ணோக்கியில் தெரிவதைத் திரையில் காட்டினாள்.

முதலில் நூல்களாகத்தான் தெரிந்தது. கிளைவிட்ட நூல்கள், நடுநடுவே மொட்டு மாதிரி உருண்டைகள். பூஞ்சை, எனக்கே தெரிந்தது. பிறகு அவள் கொஞ்சம் நகர்த்தினாள். அந்த நூல்கள் மேல் பொடி தூவியது போல ஆயிரக்கணக்கில் பாக்டீரியா.

"பூஞ்சை சாரம் கட்டிக் கொடுக்குதுங்க டீச்சர். அந்தச் சாரத்தைப் பிடிச்சுட்டு பாக்டீரியா குடியேறுது. ரெண்டும் சேர்ந்து பசை மாதிரி சுரந்து மேல போர்த்திக்குது. தனித்தனியா இருந்தா மருந்துக்குச் சாகுறதுங்க, இந்தப் போர்வைக்குள்ள இருந்தா சாகறது கஷ்டம். நூல் குழாய்ச் சுவருக்குள்ளயே துளைச்சுப் போயிருக்கு பாருங்க. அதான் குழாய் வீங்கி உடைஞ்சிருக்கு."

எங்கள் பள்ளிக்கூடத்து சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் லைக்கன் நினைவுக்கு வந்தது. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து ஒரே உயிர் போல வாழ்கிற கதையை வருடா வருடம் எப்படி ரசித்து நடத்துவேன். ஒத்துப் போவதற்கு உதாரணமாகக் கல்யாண வீடுகளில்கூடப் பேசியிருக்கிறேன். அதே ஒத்துப்போதல்தான் இவர் வயிற்றுக்குள்ளும் நடந்திருக்கிறது.

"இரைப்பையில அமிலம் இருக்குமேம்மா? அதுல எது பிழைக்கும்?"

"புண் வராம இருக்க தினமும் மாத்திரை கொடுக்கறோமில்லைங்களா, அதுல அமிலம் குறைஞ்சிருது. சாருக்கு அந்த மாத்திரை தேவைதான். ஆனா இதுங்களுக்கும் அது வசதியாயிருது."

"சரி, எங்கிருந்து வந்துச்சு? நான் எல்லாத்தையும் கொதிக்க வெச்சுத்தாம்மா கொடுக்கறேன். தண்ணியை ரெண்டு தடவை கொதிக்க வெக்கறேன்."

"கஞ்சியில இருந்துதான் வரணும்னு இல்லீங்க டீச்சர். எச்சில் ஊறிட்டேதானே இருக்கும். ராத்திரி பகல்னு சொட்டுச் சொட்டா உள்ள இறங்கும். வாயில எது வளருதோ அது அங்க போய்த் தங்கும். நம்மள மாதிரி மென்னு சாப்பிட்டா வாய் தன்னைத் தானே கழுவிக்கும். சாப்பிடாத வாயைத்தான் ரொம்பச் சுத்தமா வெக்கணும்." பிறகு, "சாரோட வாயை எப்படிப் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டாள்.

பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொன்னேன். நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல பெண்.

ஆகஸ்ட் 9

நேற்று எழுதியதில் ஒன்று பொய். வாயைப் பார்த்துக்கொள்ளும் விதம் என்று எதுவும் கிடையாது. தினம் இரண்டு வேளை துடைக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளாமல், இவருடைய வாயில் விடுவதற்குப் பூஞ்சை மருந்து எழுதிக் கொடுத்தாள்.

"டீச்சர், இப்படிக் குழாய் வெச்சவங்க எல்லார்கிட்டயும் இந்த ஏடு கொஞ்சமாவது வரத்தான் செய்யும். நீங்க உங்களைக் குத்தம் சொல்லிக்காதீங்க" என்று வேறு சொன்னாள். கிளம்பும்போது கேட்டேன், நாக்கில் டீயைத் தொட்டு வைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமா என்று. சிரித்தாள். "பால், சர்க்கரை இல்லாத டீதானுங்களா? ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. நாக்குக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கும்."

ஆகஸ்ட் 10

வீட்டுக்கு வந்தோம். டிராயரைத் திறந்து ஹெப்சிபா மார்ச்சில் கொடுத்த பாக்கெட்டை எடுத்தேன். பிரிக்கவேயில்லை. இவரைச் சாய்த்து உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக.

நாக்கு மட்டுமில்லை. கன்னத்தின் உள்பக்கம், அண்ணம், ஈறு, எல்லாம் தயிர் படிந்தது போல வெள்ளை. துடைத்தால் அடியில் செக்கச்செவேலென்று ரத்தம் கசிகிறது. எரிந்திருக்கும். மே மாதம் முழுக்க எரிந்திருக்கும். "நாக்கு" என்று எழுதி விரலால் காட்டினாரே, டீ கேட்கிறார் என்று நினைத்தேன். வாய் வேகிறது என்று சொல்லியிருக்கிறார். நான் சிலேட்டைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தேன்.

துடைக்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 14

காலை, மாலை இரண்டு வேளையும் துடைத்தேன். சொட்டு மருந்து நான்கு வேளை. கஞ்சி எத்தனை மி.லி. என்று இன்று எழுத மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

வெள்ளை போய்விட்டது. நாக்கு சின்னக் குழந்தையின் நாக்கு மாதிரி சிவப்பாக இருக்கிறது. ஹெப்சிபா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப டீ வெக்கலாம் டீச்சரம்மா" என்றாள். இந்த ஆறு மாதத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 21

இவருடைய சாம்பிள் டப்பாவிலிருந்து தேயிலை எடுத்து, மூடி போட்ட அவருடைய வெள்ளைக் கோப்பையில், கடிகாரம் பார்த்து ஆறு நிமிடம் ஊறவைத்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் போட்டதற்குப் பிறகு இவருக்கு நான் போடுகிற அடுத்த டீ.

ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து நாக்கில் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டார். உதட்டைக் குவித்துக் காற்றை உறிஞ்சப் பார்த்தார், சத்தம் வரவில்லை.

"என்னங்க?"

சிலேட்டில் எழுதினார்: "தெரியல."

முந்நூறு கோப்பையில் எது எந்த எஸ்டேட்டு, எந்த வாரம் பறித்த இலை என்று சொன்ன மனிதர். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

ஆகஸ்ட் 22

தெரியல.

ஆகஸ்ட் 23

தெரியல. வாய்ப்புண் ஆறியவர்களுக்கு ருசி திரும்ப நாளாகும் என்று டாக்டர் நஸ்ரீன் போனில் சொன்னாள். தினமும் வையுங்கள், விட்டுவிடாதீர்கள் என்றாள். நான் விடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 25

"சூடு."

அவ்வளவுதான். ஆனால் அவராகவே சிலேட்டைக் கேட்டு வாங்கினார்.

ஆகஸ்ட் 28

"துவர்ப்பு." கீழே கோடு வேறு போட்டிருக்கிறார். யமுனாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் மார்ச் மாதத்திலிருந்து சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 1

காலை பத்து மணி. வெயில் நன்றாக அடித்தது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து டீயைத் தடவினேன். வழக்கமாகக் கண்ணை மூடி ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறவர், இன்று உடனே கண்ணைத் திறந்துவிட்டார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஃபேக்டரிக்காரர்கள் பயப்படும் பார்வை.

சிலேட்டில்: "கொஞ்சம் ஃபிளாட்."

முப்பத்தொன்பது வருடமாக என் தொண்டையில் முள்ளாக நின்ற வார்த்தை. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க ஃபிளாட்? என்ன தப்பு? சொல்லுங்க" என்று கேட்டேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்று ரோஷத்தோடு சமையலறைக்குப் போய்விட்டேன்.

துடைத்துவிட்டு மெதுவாக எழுதினார்: "தண்ணி ரெண்டு கொதி."

ஒரே தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்தால் டீ உயிர்விட்டுவிடுமாம். கிருமிக்குப் பயந்து நான் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த அதே தண்ணீர். எனக்கு அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு மறுநாளும் அப்படித்தான். சீக்கிரமே எழுந்து தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டேன். இவர் எழுந்திருக்கவில்லை, ஆறிவிட்டது. எழுந்த சத்தம் கேட்டு மறுபடி கொதிக்க வைத்தேன். இவர் என் கையைக் குறை சொல்லவில்லை. தண்ணீரைச் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்குப் புதுத் தண்ணியில, ஒரே கொதியில போட்டுத் தர்றேன்" என்றேன். கோணிய வாயால் சிரித்தார். சிலேட்டில் "ருக்கு" என்று என் பெயரை எழுதினார். மேலே எதுவும் எழுதவில்லை.

செப்டம்பர் 2

காலையில் உடம்பு கொதித்தது. நூற்றிரண்டு. மூச்சில் களகளவென்று சத்தம். ஹெப்சிபா வந்தாள். டீ வேண்டாம், இப்போது எதுவும் வேண்டாம் என்றாள். அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன், அணைத்தேன்.

செப்டம்பர் 3

ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர். நிமோனியா. யமுனா வந்துகொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 6

ஹெப்சிபாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் வெச்ச டீ உள்ள போயிருச்சாம்மா?"

"இல்ல டீச்சரம்மா. பிழிஞ்ச ஸ்பாஞ்சுல இருந்து என்ன போகும்? எச்சில்தான். ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சுக்குள்ள போயிருக்கும்."

"வாய் சுத்தமா இருந்திருந்தா?"

"குறைஞ்சிருக்கும்" என்றாள். அவள் பொய் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி சொன்னேன்.

செப்டம்பர் 10

காலை 6.10.

செப்டம்பர் 27

யமுனா நேற்று பெங்களூருக்குப் போனாள். கூட வரச் சொன்னாள், பிறகு பார்க்கலாம் என்றேன். ஹெப்சிபா வந்து கட்டிலையும் குழாய் மாட்டும் ஸ்டாண்டையும் ஆள் வைத்து எடுத்துப் போனாள். மீதி ஸ்பாஞ்ச் குச்சிகளை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். கொடுக்கும்போது, முதல் நாளே வாயைத் துடைக்கச் சொல்லு, அவர்கள் எவ்வளவு சுத்தக்காரர்களாக இருந்தாலும் பக்கத்தில் நின்று துடைக்க வைத்துவிட்டு வா என்றேன். தலையாட்டினாள்.

ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. ஒன்பதாவது வரியைப் படித்தேன். பிப்ரவரியிலிருந்து அதன்படி செய்திருந்தால் அவருக்கு ஆறு மாதம் நாக்கு இருந்திருக்கும். பன்னிரண்டு நாள்தான் கொடுத்தேன், அதிலும் ருசி முழுசாகத் தெரிந்தது கடைசி ஒரு நாள். சுகாதாரம் என்று மார்ச்சில் எழுதியிருக்கிறேன். சுகாதாரம் இல்லை. ஒரு வாஷ்பேசினை நான் மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழைய கோபமா என்று அவர் என்னைக் கேட்டிருக்கலாம், சிலேட்டில் இடம் இருந்தது. கேட்கவில்லை.

மதியம் அவருடைய வெள்ளைக் கோப்பைகள் இரண்டை எடுத்துக் கழுவினேன். ஒன்றுக்குப் புதிதாகப் பிடித்த தண்ணீர், ஒரே கொதி. இன்னொன்றுக்கு ஆறவைத்து மறுபடி கொதிக்க வைத்த தண்ணீர். ஒரே டப்பாத் தேயிலை, ஆறு நிமிடம், மூடி. அவருடைய கரண்டியால் எடுத்து அவரைப் போல உறிஞ்சிப் பார்த்தேன். பாதி புடவையில் கொட்டியது. துப்ப வரவில்லை, விழுங்கிவிட்டேன். முதல் கோப்பை, இரண்டாவது கோப்பை, மறுபடி முதல் கோப்பை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன.